சேலத்திலிருந்து வந்த இதயம்

கோகிலவாணி ஓட்டிய ஒற்றை இருக்கைப் பந்தயக் கார், அவளிடமே ஓட்டக் கற்றுக்கொண்டு, இப்போது ஆளில்லாமல் மருத்துவமனைகளுக்கு உறுப்புகளைக் கொண்டுபோகிறது. தன் ஓட்டுநர் வேலையைப் பறித்த அதன்மேல் அவளுக்குத் தீராத கோபம்.

இன்று அவள் மகளுக்கான இதயம் சேலத்திலிருந்து அதில்தான் வந்துகொண்டிருந்தது. கோவை மருத்துவமனை வாசலில் மழையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நீ ஓட்டுன மாதிரியேதான் ஓட்டும். பயப்படாத,” என்றான் கணவன் மாதேஸ்வரன்.

“அதுதாங்க பயமே. மழைன்னாலும் வேகத்தக் குறைக்க மாட்டனே!”

கார் சறுக்காமல் வளைந்து வந்து நின்றது. இருக்கையில் பெல்ட் போட்டிருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு நர்ஸ் உள்ளே ஓடினாள்.

மாலையில் டாக்டர் வெளியே வந்தார். “நல்லாத் துடிக்குதுங்கம்மா.”

அழுது முடித்துக் கோகிலவாணி கீழே இறங்கியபோது, கார் அடுத்த ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. ஈரமான அதன் மூக்கைத் தடவினாள்.

“பாத்து மெதுவாப் போ, கண்ணு.”