வைன் தோட்டத்து மாப்பிள்ளை

மகள் தக்ஷிகா விரும்பும் யசிந்தனுக்கு நயாகரா மலைச்சரிவில் வைன் தயாரிக்கிற வேலை. அவளை ஸ்காபரோ வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் மட்டும் அவனைப் பார்க்கப் போனார்கள்.

"நாள் முழுக்கக் குடிக்கிற பெடியனோ தெரியாது. பக்கத்திலயே நிண்டு பாருங்கோ," என்று கணவர் இராசதுரையிடம் சொன்னாள் கனகாம்பிகை.

யசிந்தன் மூன்று வைன் தோட்டங்களைச் சுற்றிக் காட்டினான். ஒவ்வொன்றிலும் ருசி பார்க்க வைன் ஊற்றிக் கொடுத்தார்கள். இராசதுரை அவனை விட்டு அகலவேயில்லை.

திரும்பும்போது காரின் பின் இருக்கையில் கனகாம்பிகை கணவரின் காதுக்குள் கேட்டாள். "குடிச்சவனோ?"

"ஒரு சொட்டும் விழுங்கேல்லை. ருசி பாத்திட்டு எல்லாத்தையும் துப்பிப்போட்டான்."

கனகாம்பிகைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்பாடா! நல்ல பெடியன். நீங்களும் துப்பினனீங்கள்தானே?"

இராசதுரை அவள் தோளில் சாய்ந்து குறட்டை விடத் தொடங்கியிருந்தார்.

காரை ஓட்டிக்கொண்டிருந்த யசிந்தன் சொன்னான்: "அங்கிளையும் துப்பச் சொன்னனான், அன்ரி. சாமானை வீணாக்கக் கூடாதெண்டு சொல்லிப்போட்டார்."