வெள்ளவத்தை ராயல்

"ஏய் தோட்டக்காடு, போனை வச்சிட்டுப் போய்க் கொழுந்து பறி. உனக்கெல்லாம் எதுக்கு கேம்?"

ஹெட்போனுக்குள் ராயல் இரைந்தான். ஹாலிஎலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் கட்டிலோரமாக உட்கார்ந்திருந்த கம்சலாவுக்குக் காது மடல் சுட்டது.

ஐந்து பேர் கொண்ட அணி. ஒருவரையொருவர் நேரில் பார்த்தது கிடையாது. எல்லாம் போன் வழிப் பழக்கம்தான். ராயலுக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் மாடி வீடாம், அவனே சொல்லிக்கொள்வான். ஆட்டத்தில் சூரன், மறுப்பதற்கில்லை. வாயைத் திறந்தால்தான் சாக்கடை.

ஆட்டம் தொடங்குமுன் எல்லாரும் கூடி நிற்கும் இடத்தை, தோட்டத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்தைச் சொல்வது போல, கம்சலா ஒரு நாள் 'பெரட்டு' என்று சொல்லிவிட்டாள். முதலில் சிரித்தவன் ராயல். அன்றிலிருந்து அவள் எதைச் சொன்னாலும் இழுத்து இழுத்துப் பேசிக் காட்டினான். மூன்று வாரமாக அவள் மைக்கையே திறக்கவில்லை. பாவம், கடையில் சீனி கேட்கக்கூட வாய் வராமல் போய்விட்டது பிள்ளைக்கு.

"ராயல், கொஞ்சம் சும்மா இருங்க," என்றான் றில்வான். பதுளைக்காரன், அணியைச் சேர்த்தவன். "தங்கச்சி, அடுத்த கிழமை பெரிய போட்டி. இன்டைக்குத் தலைவர் பேரைக் குடுக்கணும். உங்க பேரைத்தான் நெனச்சிருக்கேன். ஆனா தலைவர் கதைக்காம ஏலாது. முடியாட்டிச் சொல்லுங்க, ராயல் பேரைக் குடுக்கிறேன்."

"தலைவியாம்," ராயல் சிரித்தான். "கூடையைத் தலையில மாட்டிக்கிட்டு வருவா, பாருங்க."

கூடை என்றதும் கம்சலாவுக்கு அம்மாவின் முகம் வந்தது. அவ்வளவுதான், விரல் மைக்கைத் திறந்துவிட்டது.

"ஆமா, நான் தோட்டத்துப் புள்ளதான்." "எங்கம்மா கலாராணி இருபத்திரண்டு வருசமா கொழுந்து எடுக்குறாங்க. போன வாரம் கேம்ல மலையடிவாரத்துல மாட்டிக்கிட்டு முழிச்சோமே, ஞாபகம் இருக்கா? ஆளுக்கு ஒரு நெர, ஒரு வரிசை பிடிச்சு, ஒருத்தர ஒருத்தர் முந்தாம ஏறுங்கன்னு எழுதிப் போட்டது யாரு? எங்கம்மாவும் அவங்க கூட்டாளிகளும் தேயிலை மலை ஏறுற மாதிரிதான் உங்கள ஏத்தினேன். ஜெயிச்சோமா இல்லையா?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"ஜெயிச்சோம்," என்றான் றில்வான்.

"அப்ப என் பேரைக் குடுங்கண்ணா. நான் இப்படித்தான் பேசுவேன், இது எங்க பேச்சு. கேக்கக் கூச்சமா இருக்கிறவங்க காதைப் பொத்திக்கட்டும்."

"குடுத்தாச்சு தங்கச்சி."

மற்ற இருவரும் கைதட்டினார்கள். கம்சலா மைக்கை மூடிவிட்டு நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது.

ஒவ்வொருவராக வெளியேறினார்கள். ராயலின் பெயர் மட்டும் திரையில் மிச்சம் இருந்தது. அவன் மைக் திறந்தபடியே கிடந்தது.

அந்த நேரம் பார்த்து அவள் தோட்டத்து மேட்டுத் தேயிலைத் தொழிற்சாலையில் பகல் சங்கு ஊதியது. கிழட்டுச் சங்கு அது. இரண்டு முறை இருமிவிட்டு மூன்றாவதில்தான் முழுசாகக் கூவும். சுற்றுவட்டாரத்தில் வேறெந்தத் தோட்டத்துச் சங்கும் அப்படி இருமாது.

ஜன்னல் வழியாகக் கேட்ட அந்த இரண்டு இருமலும் கூவலும், கண் இமைக்கும் நேரம் பிந்தி, ராயலின் மைக்கிலிருந்தும் கேட்டன.

கம்சலா ஹெட்போனைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பிறகு மைக்கைத் திறந்தாள்.

"தம்பி," என்றாள் மெதுவாக, "நீ மேல் லயமா, கீழ் லயமா?"