மாடி வீட்டுச் சிரிப்பு

காலை ஆறரைக்கு மாடியில் மறுபடியும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அங்கே குடியிருந்த தையல்காரரும் மனைவியும் தினமும் அந்நேரம் சிரிப்பார்கள். எனக்கு வயிறு எரியும். என் கணவர் சிரித்து வருஷக்கணக்காகிறது. தங்கை குடிவருகிறாள் என்று பொய் சொல்லி, போன வாரம் அவர்களைக் காலி செய்ய வைத்தேன்.

“ஏதாவது விட்டுப்போயிருந்தா நீங்களே வச்சுக்குங்கக்கா,” என்று சிரித்தபடியே போனாள் அவள்.

வெள்ளையடித்துப் பூட்டிய வீடு. சாவி என் இடுப்பில் இருந்தது. மேலே ஏறிக் கதவில் காதை வைத்தேன். உள்ளே சிரித்தது என் கணவரின் குரல். கல்யாணமான புதிதில் அப்படித்தான் சிரிப்பார். கூடவே ஒரு பெண்ணும் சிரித்தாள். அவளை அறைய வேண்டும்போல் இருந்தது.

திரும்பினேன். படிக்குக் கீழே, கையில் பல் பிரஷ்ஷுடன் அவர் நின்றுகொண்டிருந்தார். முகம் கறுத்திருந்தது.

“மேல யார்கூடடி அப்படிச் சிரிச்சுக்கிட்டிருக்கே?”