பிள்ளைக்குத் தாலி ஏறிய கணினி

கனடாவில் நிற்கும் மாப்பிள்ளையை, கிளிநொச்சியில் கதிரையில் இருந்தபடியே ஸ்குறூ டிரைவரால் தாலி கட்ட வைப்பவன் உலகத்தில் நான் ஒருவன்தான். மனுசி கமலாசனி நம்பவில்லை. விசா கிடைக்காத எங்களுக்கு மகள் அனுப்பிய கலியாண வீடியோவில், எங்கள் கணினியின் பழைய டிஸ்க் இழுக்கமாட்டாமல், தை மாதத்திலிருந்து மருமகன் தாலியைத் தூக்கியபடியே உறைந்து நிற்கிறார். பின்னேர வெயிலில், கழற்றிய ஆணிகள் இவளுடைய குங்குமச் சிமிழ் மூடிக்குள் மினுங்குகின்றன. இரண்டு புது ஹார்ட் டிஸ்க்குகளைச் சோடி சேர்த்து, வேகம் இரட்டிக்கட்டும் என்று படத்தைக் கீற்றுக் கீற்றாக இரண்டிலும் மாறி மாறி ஏற்றுகிறேன்.

“ஒண்டு பழுதாப் போனா?”

“மற்றதும் போச்சு. எங்களைப்போலத்தான்.”

“விசர்க்கதை கதையாதேங்கோ!”

பென் டிரைவில் இருக்கும் பிரதியைக் காட்டிவிட்டுப் படத்தை ஓட விடுகிறேன். தாலி எழும்புகிறது. இவள் மூச்சை அடக்குகிறாள். கெட்டிமேளம் குசினிவரை அதிர்கிறது. இவள் கைக்குள் பொத்தி வைத்திருந்த அட்சதை திரையில் பட்டுச் சிதறுகிறது.

“ஓமப்பா... கட்டிப்போட்டார்.”