மலை பார்த்த வாசல்

"வாசக்காலை மேக்கால பாத்து நிறுத்து" என்றேன்.

மேஸ்திரி முனியன் கரணையைக் கீழே போட்டுவிட்டான்.

தெரு கிழக்கே இருக்கிறது. வந்தவர்கள் எல்லாரும் கிழக்கே பார்த்துத்தான் நிற்கிறார்கள். மாவிலை கட்டின வாசக்காலைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் பேஸ்மட்டத்தின் மேல் காத்திருக்கிறார்கள். நல்ல நேரம் முடியப்போகிறது.

"இன்னா நைனா இது? தெருவுக்கு முதுகைக் காட்டிக்கினு எவனாவது வூடு கட்டுவானா? போஸ்ட்மேன் எப்படி வருவான்?" என்றான் பெரிய மகன் துளசிங்கம். அரக்கோணத்தில் ரயில்வே வேலை. அதனால் என்னைவிட விவரம் தெரிந்தவன் என்று நினைப்பு.

"சுத்திக்கினு வரட்டும்."

பக்கத்து மனை பஞ்சாட்சரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "இன்னா பாவா, சொந்த வூட்டுக்குள்ளயே பின்பக்கமா திருட்டுத்தனமா பூரப் போறியா?"

"நீ பூராம இருந்தா சரி" என்றேன்.

எவனையும் நம்பி நான் ஒரு வேலையும் விட்டதில்லை. பர்மிட்டில் வந்த சிமெண்ட் மூட்டை மேல் நானே படுத்துக் காவல் காத்தவன். வாசலை மட்டும் இவர்கள் இஷ்டத்துக்கு விடுவேனா?

"மலையைப் பாத்த வாசல் வெக்கிறேன்னு வேண்டிக்கினேன்" என்றேன்.

திருத்தணியில் முருகன் பேரைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் எவனும் பேசமாட்டான்.

முனியன் மட்டும் தலையைச் சொறிந்தான். "ஆங், வேண்டுதல்னா சரிங்க. ஆனா இங்கேருந்து மலை தெரியாதுங்களே. பின்னால அந்த மாடி வூடு மறைச்சிக்கினு நிக்குது."

"தூக்குடா வாசக்காலை."

தூக்கினார்கள்.

என் பெண்சாதி ஜெயம்மாள் நவதானிய முடிச்சை வாசக்காலுக்கு அடியில் வைத்தாள். நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தான் முனியன். கற்பூரம் காட்டினார்கள். எல்லாரும் கேசரியைத் தின்றுவிட்டு, என்னைக் கிழவன், கிறுக்கன் என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்கள்.

சாமிநாத ஆசாரி மட்டும் நின்றார். "தாழ்ப்பாளுக்கு எந்தப் பக்கம் தொளை போடட்டும்?"

"எந்தப் பக்கமும் வேணாம்."

"தாழ்ப்பா இல்லாத கதவா? உன் வூட்லயா?"

நான் மேற்கே பார்த்தேன்.

மாடி வீட்டுக் கொல்லையில், கிணற்றடியில், ரஞ்சிதம் துணி அலசிக்கொண்டிருந்தாள். என் கடைசிப் பெண்.

அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனதிலிருந்து அவளை ஒரு பண்டிகைக்கும் அனுப்பவில்லை. கையில் சூடு பட்ட தழும்பு இருக்கிறது என்று பால்காரி பூவம்மாள்தான் வந்து சொன்னாள். வாசக்காலுக்கு மஞ்சள் பூச வீட்டில் பிறந்த பெண் வரவேண்டும். காலையில் கூப்பிடப் போன ஜெயம்மாளை, "தூங்குறா" என்று வாசலோடு திருப்பிவிட்டார்கள்.

நான் இந்த மனையை வாங்கினதே அதனால்தான்.

நடுவில் ஒரு முள்வேலிதான். ஓர் ஆள் நுழையும் அளவுக்கு அதை நேற்றே பிரித்துவிட்டேன்.

ஆசாரி பக்கத்தில்தான் நின்றார். இருந்தாலும் மலைக்கே கேட்கிற மாதிரி கத்திச் சொன்னேன்.

"இந்தக் கதவு ராவும் பகலும் தொறந்தேதான் கெடக்கும், ஆசாரி. யாரையும் கேக்கத் தேவையில்ல. எப்ப வேணா வரலாம்."

கிணற்றடியில் துணி அலசுகிற சத்தம் நின்றது.