அம்மணியின் அனுமதி

திவாலான கம்பெனியின் பணம் எங்கே போனது என்று கண்டுபிடிக்கக் கோர்ட்டு நியமித்த லிக்விடேட்டர் அவர். தடம் கடல் தாண்டி இந்த வங்கியில், ஒரு பெண்மணியின் கணக்கில் வந்து முடிந்தது.

மேனேஜர் அவருக்கு மட்டும் நாற்காலியைக் காட்டினார். அவருடன் பையைத் தூக்கி வந்த பெண் சுவரோரம் நின்றாள்.

"உங்க நாட்டுக் கோர்ட்டு உத்தரவு இங்க செல்லாது சார். ஒரு காகிதம் தர மாட்டேன்."

"முந்நூறு தொழிலாளிங்க வயித்துல அடிச்ச பணம் சார் அது!"

"கணக்குக்குச் சொந்தக்கார அம்மணி கேட்டா தரேன். அவங்க பெரிய இடம். இதே நாற்காலியில, என் எதிர்ல உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவங்க. நேர்ல பார்த்தேன்னு நானே சான்று எழுதியிருக்கேன். அவங்களுக்குத் துரோகம் பண்ணச் சொல்றீங்களா?"

லிக்விடேட்டர் சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். அந்தப் பெண் முன்னே வந்து தன் பாஸ்போர்ட்டை மேஜையில் வைத்தாள்.

கணக்கிலிருந்த அதே பெயரைப் படித்த மேனேஜருக்கு முகம் வெளுத்தது.

"அந்தக் கம்பெனியைப் பதினொரு வருஷம் கூட்டிப் பெருக்கினவ சார் நான். சம்பளச் சீட்டுன்னு முதலாளி நீட்டினதுல எல்லாம் கையெழுத்துப் போட்டேன். நேத்துதான் முதல் தடவையா விமானம் ஏறினேன். அன்னிக்கு எதிர்ல உக்கார வச்சீங்களாமே, இன்னிக்கு ஏன் சார் அரை மணி நேரமா நிக்க வச்சிருக்கீங்க?"