டுபாய்க்குப் போன தாள்

பேனையை வாங்கியவள் எழுதவில்லை.

வாசலில் லொறி நின்றது. பதினொரு குடும்பங்களின் பப்பாசி, காகிதம் சுற்றிப் பெட்டி பெட்டியாக ஏற்றியாயிற்று. டுபாய்க்குப் போகும் முதல் லொறி.

காணி உரிமையாளர் ஒவ்வொருவரும் கையொப்பமிட்ட தாளும் கூடப் போக வேண்டும். அவளுடைய தாள் ஒன்றுதான் குறை. ஒரு தாள் குறைந்தாலும் வாங்குகிறவர்கள் மொத்தத்தையும் திருப்பிவிடுவார்கள்.

காணி அவள் கணவன் தவயோகனின் பெயரில் இருந்தது. உரிமையாளர் கையொப்பமிடாவிட்டால் மனைவி இடலாம். காரணம் காட்ட வேண்டும்.

தாளில் மூன்று கட்டங்கள்.

விற்றுவிட்டார். குத்தகைக்குக் கொடுத்துவிட்டார். இறந்துவிட்டார்.

போர் முடிந்த நாளில், பெயர் பதிய வேண்டும் என்று சொல்லி இராணுவம் ஏற்றிய பேருந்தில் போனவன். சன்னல் வழியே தண்ணீர்ப் போத்தலை அவளிடம் நீட்டினான். பிறகு அவனைக் கண்டவர் இல்லை.

அதற்குக் கட்டம் இல்லை.

மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று அரசாங்கக் கச்சேரியிலிருந்து இரண்டு முறை வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு முறையும் அவள் படலையைத் திறக்கவில்லை.

சங்கத்து அலுவலர் சுகிர்தன் தலை குனிந்து நின்றான். இரண்டு வருடமாக இந்தத் தோட்டங்களுக்கு நடையாய் நடந்தவன். கன்றுக்குக் கன்று விடும் இடைவெளியிலிருந்து காம்பு நறுக்கும் அளவுவரை சொல்லிக் கொடுத்தவன்.

"மற்ற ரெண்டும் பொய், அக்கா," என்றான்.

"அப்ப இது?"



வெளியே பக்கத்துக் காணி மனோன்மணி, பழங்களுக்கு வெயில் படாமல் ஈரச் சாக்கை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். அவளுடைய மகனும் அதே பேருந்தில் ஏறியவன். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

"தம்பி, இந்தத் தாள் எங்க போகும்?"

"டுபாய்க்கு, அக்கா."

"கச்சேரிக்கு?"

"போகாது."

"இஞ்ச ஒருத்தரும் பாக்க மாட்டினம்தானே?"

"மாட்டினம்."

மூன்றாவது கட்டத்தில் புள்ளடி போட்டாள். கீழே கையொப்பமிட்டாள். தாளை எழுத்து வெளியே தெரியாமல் மடித்துக் கொடுத்தாள்.

அவன் அதை உறையில் போட்டான்.

"நல்லா ஒட்டுங்கோ."

ஒட்டினான். பெருவிரலால் அழுத்தினான்.

அவள் இன்னும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுபடியும் அழுத்தினான்.